ஆண்டு மூன்றுக்குக் குகை ஓவியம்: பார்த்து வரைய வைக்கலாமா?

கேள்வி, 4 ஜூலை

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் காட்சிக்கலைக் கல்வி போதிக்கிறேன். ஆண்டு 3 மாணவர்களுக்குக் குகை ஓவியம் செய்ய எண்ணம். பழுப்புத் தாளைக் கசக்கி விரித்து, பிரான்சின் லாஸ்கோ குகைக் காளையை அச்செடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, பார்த்து வரைந்து போஸ்டர் கலர் தீட்டச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூலை, இரவு

முடிந்துவிடும்தான். முப்பது பிள்ளைகள், முப்பது காளைகள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. எது யாருடையது என்று பின்பக்கம் பெயரைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த அச்சுத்தாளை எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் வாதம். லாஸ்கோவில் வரைந்தவர்களுக்கு முன்னால் குகைக்குள் மாடு வந்து நிற்கவில்லை. மணற்கல்லில் குடைந்த விளக்கில் கொழுப்பை இட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில், வெளியே பார்த்து மனத்தில் வைத்திருந்த விலங்கைச் சுவரில் இறக்கினார்கள். பிள்ளையிடம் அந்த வேலையைக் கேட்காவிட்டால் மிஞ்சுவது கசங்கிய தாளில் ஒரு நகல்.

போஸ்டர் கலரும் வேண்டாம். இங்கே பினாங்கில் மண்ணிலும் கரியிலும்தான் செய்கிறோம். விவரம் நாளை. மதிப்பெண் பட்டியல் பாக்கி இருக்கிறது.

5 ஜூலை

மண்.

பினாங்குத் தீவு கருங்கல் பாறை. அது மக்கி வந்த மண் மஞ்சள், பழுப்பு, சில இடங்களில் நல்ல சிவப்பு. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் மலையை வெட்டிய சரிவுகளில் அடுக்கடுக்காக நிறம் தெரியும். ஆசைப்பட்டு அந்தச் சரிவுக்கு அடியில் போய் நிற்காதீர்கள், மழை பெய்தால் இறங்கிவிடும். வீட்டு வாசலில் பூஞ்செடி வைத்த இடத்து மண்ணே போதும். பெற்றோர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தனுப்பட்டும். பத்து வீட்டு மண்ணைப் பத்துப் புட்டிகளில் வரிசையாக வைத்துப் பாருங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பிள்ளைகளுக்கு அதுவே பாதிப் பாடம்.

வந்த மண்ணை அப்படியே கையில் கொடுக்கக் கூடாது. நம் நாட்டு ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி இருக்கும். எலி போன இடமென்றால் லெப்டோஸ்பைரோசிஸ் பயமும் உண்டு. கையில் கீறல் உள்ள பிள்ளையை மண் பக்கமே விடாதீர்கள். சமையலுக்கு இனி உதவாத ஒரு வாணலி, வெட்டவெளி, ஒரு பெரியவர். நன்றாக வறுக்க வேண்டும், முகமூடி போட்டுக்கொண்டு, தூசி கிளப்பாமல்.

வறுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். மஞ்சள் மண் கண்ணெதிரே சிவக்கும். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான இரும்புத் தாதுவில் நீர் பிணைந்திருக்கிறது. 250, 300 பாகை சூட்டில் அந்த நீர் விலகினால் மிஞ்சுவது ஹெமடைட், அதாவது குகைச் சுவர்களில் இருக்கும் அதே சிவப்பு. அடுப்பிலிருந்து தள்ளி நிற்க வைத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம். எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை அக்கா இதைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, மண்ணுல மீகோரேங் போடுறீங்களா?" என்றார்.

ஆறிய பிறகு பொடித்து, தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் பொறுத்தால் மணல் அடியில் உட்காரும். மேலே நிற்கும் கலங்கிய நீரை வேறு பாத்திரத்துக்கு ஊற்றி ஒரு நாள் விட்டால் அடியில் மையாகப் படிவதுதான் சாயம். வடிகட்டியை நம்பாதீர்கள், அதன் கண் பெரிது.

கரிக்கு சாத்தே கடையில் கேட்டால் உடைந்த துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள். கோலா செபெத்தாங் பக்கத்து பக்காவ் (சதுப்புநில மர) கரி தாளில் அழுத்தமாக இறங்கும். வெள்ளைக்கு வெண்கட்டியை ஊற வைத்து நசுக்கினால் போதும். மாங்கனீசுத் தூள் மட்டும் வேண்டாம். பழங்காலத்தில் கறுப்புக்கு அதையும் பயன்படுத்தினார்கள், வாங்கவும் கிடைக்கும், ஆனால் அந்தத் தூசியைச் சுவாசிப்பது கெடுதல்.

பசைக்கு வடித்த கஞ்சி. முட்டை மஞ்சள் கரு இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம், நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாள் வகுப்பறை நாறும். மிருகக் கொழுப்புப் பேச்சையே எடுக்க வேண்டாம், எந்த வீட்டில் எது ஆகாது என்று உங்களுக்குத் தெரியாது.

6 ஜூலை

மஞ்சள் தூளும் குங்குமமும் ஆகாதா என்று பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

மஞ்சள் பார்க்க அழகு, வெயிலில் நிற்காது. சன்னல் ஓரம் மாட்டினால் சீக்கிரமே வெளுத்துவிடும். மண் நிறம் வெளுக்காது, அதனால்தான் பல ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் பார்க்கிறோம். இந்த வேறுபாட்டைக் காட்டவே ஒரு மூலையில் மஞ்சள் பூசி வைக்கலாம். ஆலத்தி மாதிரி சிவக்க வைக்க ஆசையென்றால் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து, சமையல் சோடா போதும். மலிவான சிவப்புப் பொடிகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

9 ஜூலை

படமே காட்டாமல் வரையச் சொன்னதும் வகுப்பில் பாதிப் பேர் கரியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள், மீதிப் பேர் வீடும் மலையும் நடுவில் சூரியனும் வரைந்தார்கள் என்று கிள்ளானிலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு.

நியாயம். படத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும், அதை நான் சொல்லாமல் விட்டேன். நாங்கள் நடக்க வைப்போம். ஒரு பிள்ளை உடும்பாக நடக்கும், இன்னொன்று குரங்காக, இன்னொன்று சிற்றுண்டிச்சாலைப் பூனையாக. மற்றவர்கள் திருத்துவார்கள்: "உடும்பு அப்படி நேரா போகாதுடா, ஆட்டி ஆட்டிப் போகும்." எந்தக் கால் முன்னால், முதுகு எங்கே வளைகிறது, வால் தரையில் படுகிறதா, இதையெல்லாம் அவர்களே சண்டை போட்டு முடிவு செய்த பிறகு தாளைக் கொடுங்கள். பினாங்குப் பிள்ளைக்கு உடும்பு பழக்கம், சாக்கடை ஓரத்தில் தினமும் பார்ப்பது. ஐரோப்பியக் காட்டெருதை அது எங்கே கண்டது?

கதையும் சொல்லலாம். ஸ்பெயினில் அல்தமீரா குகைக்கு 1879இல் ஒருவர் ஆராய்ச்சிக்குப் போனார், கூடவே எட்டு வயது மகள் மரியா. அப்பா தரையையே கிளறிக்கொண்டிருந்தபோது மகள் அண்ணாந்து பார்த்து, "அப்பா, மாடுங்க!" என்றாள். கூரை முழுக்கக் காட்டெருதுகள். அறிஞர்கள் பலர் இது மோசடி என்று சொல்லி, அவர் இறந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டு 3 பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மரியாவின் வயது. இந்தக் கதைக்குப் பிறகு வகுப்பில் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். எங்கள் கூரையில் இருப்பது பல்லி.

13 ஜூலை

ஏன் எப்போதும் பிரான்சு? ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் குகை இருக்கிறது. 1959இல் ரோந்து போன கூர்க்கா வீரர்கள் கண்டது. சுண்ணாம்புப் பாறையில் ஹெமடைட் சிவப்பில் மனிதர்கள், மான்கள், அதோடு ஒரு கடற்பசு. புதிய கற்காலத்தவை என்று கருதப்படுகிறது. பினாங்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அந்தக் கடற்பசுவைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் முதலில் கேட்பது, ஈப்போவில் ஏது கடல் என்பது. பதில் சொல்லாதீர்கள், அவர்களே பேசட்டும். "லீவுக்குக் கடலுக்குப் போயிருப்பாங்க" என்பது ஒரு விடை. "கடல்காரங்க இங்க கல்யாணம் கட்டி வந்திருப்பாங்க" என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்குப் பிடித்தது.

இன்னும் பழையது வேண்டுமென்றாலும் பிரான்சுக்குப் போக வேண்டாம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு காட்டுப்பன்றி ஓவியத்துக்குக் குறைந்தது 45,500 ஆண்டு என்று 2021இல் அறிவித்தார்கள். 2024இல் அதே தீவில் இன்னொரு குகையில் 51,200 ஆண்டுப் பழைய பன்றியும் மனித உருவங்களும். லாஸ்கோ ஏறத்தாழ 17,000 ஆண்டுதான்.

13 ஜூலை, பின்னிரவு

எழுதிவிட்டுப் படுத்த பிறகு ஒன்று உறுத்தியது. தம்புன் இருட்டுக் குகையே இல்லை. வெளிச்சம் படும் செங்குத்துப் பாறை, அங்கே நின்றால் கிந்தா பள்ளத்தாக்குப் பக்கம் பார்க்கலாம். வரைந்தவர் தலையைத் திருப்பினால் மான் தெரிந்திருக்கலாம். ஆக, என் முதல் குறிப்பில் விளக்கையும் இருட்டையும் வைத்துக் கட்டிய வாதம் லாஸ்கோவுக்குப் பொருந்தும், எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சரி, இருட்டை விட்டுவிடலாம். அச்சுத்தாள் வேண்டாம் என்பதை விட மாட்டேன்.

20 ஜூலை

கை அச்சு. பிள்ளைகள் எல்லோரும் காத்திருக்கும் பாடம், ஆசிரியர் மட்டும் பயப்படும் பாடம்.

சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் சாயத்தை ஊதினால், கையை எடுத்ததும் அதன் வடிவம் வெறுமையாக நிற்கும். வாயிலிருந்து நேராகவோ குழாய் வழியாகவோ ஊதியிருக்கிறார்கள். பள்ளியில் வாய்க்கு வேலையே கூடாது. உறிஞ்சுகுழல் கொடுத்தால் ஊதச் சொன்ன பிள்ளைகளில் ஒருவன் உறிஞ்சுவான். யார் என்று வகுப்புக்குள் நுழையும் முன்பே உங்களுக்குத் தெரியும்.

இஸ்திரி போடும்போது நீர் தெளிக்கும் புட்டி நல்லது, ஆனால் மண் சாயம் அடைத்துக்கொள்ளும். பழைய நைலான் காலுறையில் வடிகட்டி ஊற்றினால் ஓரளவு ஓடும். எனக்குப் பிடித்தது பல்துலக்கியும் சீப்பும்: சாயத்தில் தோய்த்த பல்துலக்கியைச் சீப்பின் பற்களில் இழுத்தால் துளித்துளியாகத் தெறிக்கும். மெதுவான வேலை. அதனால்தான் நல்லது. ஒரு கைக்கு நேரம் ஆகும், அதுவரை அந்தப் பிள்ளை அசையாமல் நிற்க வேண்டும், நண்பன் தெறிக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாத ஓவியம்.

ஐரோப்பியக் குகைகளில் இடக்கை அச்சுகள்தான் அதிகம். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். செய்து பார்த்த பிள்ளைக்குத் தெரியும், வலக்கை வேலையாக இருக்கிறது. எங்கள் வகுப்பில் இடக்கைப் பழக்கம் உள்ள ஒரு சிறுமி வலக்கை அச்சு பதித்துவிட்டு அன்று முழுவதும் தலைநிமிர்ந்து நடந்தாள்.

பிரான்சில் கர்காஸ் குகையில் விரல் குறைந்த அச்சுகள் நிறைய உண்டு. விரல் இழந்தவர்களா, மடக்கி வைத்து அடையாளம் செய்தார்களா என்று வாதம் ஓய்ந்தபாடில்லை. சுலாவெசியில் சில அச்சுகளின் விரல் நுனியைக் கூராக மாற்றியிருக்கிறார்கள். இதைச் சொன்ன மறுகணமே பிள்ளைகள் விரலை மடக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் மட்டும் என்றால் பூனை, கட்டைவிரல் இல்லாவிட்டால் "ஐயா வர்றாரு". இரண்டாவதை நான் கடைசி வாரத்தில்தான் கண்டுபிடித்தேன்.

21 ஜூலை

சீருடையோடு செய்ய விடாதீர்கள். செம்மண் கறை போகாது. அப்பாவின் பழைய டி-சட்டையைப் பின்முன்னாகப் போட்டால் போதும்.

27 ஜூலை

"பத்துமலை பக்கத்திலேயே இருக்கிறது, நேராகப் பாறையிலேயே வரைய வைத்தால் என்ன, அனுபவம் அல்லவா" என்று கோலாலம்பூர் நண்பர் ஒருவர்.

வேண்டாம், ஐயா. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். சுண்ணாம்புப் பாறையில் ஏறிய கரியைத் தேய்த்தால் பாறைதான் தேயும். தம்புனில் பழைய ஓவியங்களுக்குப் பக்கத்தில் கிறுக்கியிருப்பதைப் பார்த்தவர்கள் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். லாஸ்கோவை 1948இல் மக்களுக்குத் திறந்து 1963இல் மூடினார்கள். யாரும் கிறுக்கவில்லை, ஓவியங்கள் கெடக் கூட்டம் விட்ட மூச்சே போதுமானதாக இருந்தது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டமும் இருக்கிறது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் சட்டம் பேச வேண்டியதில்லை, மூச்சுக் கதை போதும்.

பத்துமலைக்கு அழைத்துப் போவதானால் வெறுங்கையோடு போங்கள். 272 படி ஏறி மேல்குகையில் நின்று, சுவர் எங்கே புடைத்திருக்கிறது, எங்கே குழிந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இது யாருடைய முதுகு, இது யாருடைய மூக்கு? அல்தமீராவில் கூரைப் புடைப்பையே காட்டெருதின் உடலாக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடும், மேகத்தில் யானை பார்க்கிற வயது.

பினாங்குத் தீவில் சுண்ணாம்புக் குகை கிடையாது. அதனால் எங்களுக்குப் பள்ளிச் சுவரில் மழை கசிந்த கறை. சாயம் பூசச் சொல்லி மனு போட்டுப் போட்டுச் சலித்த சுவர், ஒரு நாள் பயன்பட்டது. அதில் ஒரு தேவாங்கு, ஒரு முதலை, தலைமையாசிரியரின் பக்கவாட்டு முகம். மூன்றாவதை யார் கண்டது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

3 ஆகஸ்ட்

சுவர் எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு. மாஜோங் தாளை, அதாவது பெரிய மெல்லிய வரைதாளை, இரண்டு மூன்று அடுக்காகக் கஞ்சியில் ஒட்டி, அடியில் முட்டை அட்டை, உடைந்த பெட்டி, சுருட்டிய செய்தித்தாள் எதையாவது செருகினால் புடைப்பு வந்துவிடும். அதன்மேல் வெளிர் மண்ணைப் பூசிக் காய விடுங்கள். தனித்தனித் தாள் கொடுக்காதீர்கள், ஒரே நீளச் சுவர். ஒருவன் மான்மேல் இன்னொருவன் உடும்பை வரைவான், அழுகை வரும், விடுங்கள். உண்மையான சுவர்களிலும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் சிக்கல் வேறு. மாஜோங் தாளை விரித்த அன்றே மெர்டேக்கா (சுதந்திர தின) மாத அலங்காரம் தொடங்கிவிட்டது. நல்ல சுவரெல்லாம் கொடிக்குப் போனது. மிஞ்சிய இடம் மேசைக்கு அடியில். சரியென்று மேசைகளைச் சேர்த்துப் போட்டு, தாளை அடிப்பக்கம் ஒட்டி, கைவிளக்கோடு படுத்துக்கொண்டு வரையச் சொன்னோம். கரி கண்ணில் கொட்டும், நீச்சல் கண்ணாடி உள்ளவர்கள் கொண்டு வரலாம், இல்லாதவர்கள் நனைந்த சாயம் மட்டும்.

13ஆம் தேதி இருட்டை விட்டுவிடலாம் என்று எழுதினேன். இதைப் பார்த்த பிறகு பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றுக்காக அல்ல. மேசை அடியில் பக்கத்துப் பிள்ளையின் தாள் தெரிவதில்லை, "எனக்கு வரைய வராது ஐயா" என்பவன் அங்கே வரைகிறான். பிரான்சில் ருஃபின்யாக் குகையின் மென்மையான கூரையில் விரலால் இழுத்த கோடுகளில் சில சின்னப் பிள்ளைகளுடையவை என்று விரல் அகலத்தை அளந்து சொல்லியிருக்கிறார்கள். கூரை எட்டாத உயரம், யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். அவர்கள் பெரிய ஓவியர்களாக இருந்தால்தான் என்ன, பிள்ளையையும் வேலைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

10 ஆகஸ்ட்

ஒரு பையன் மோட்டார் சைக்கிள் வரைந்திருக்கிறான், பின்னால் தாத்தா. "கற்காலத்தில் ஏது மோட்டார், மதிப்பெண் குறைக்கலாமா?" என்று முதல் கேள்வி கேட்ட ஆசிரியையே கேட்கிறார். இப்போது அவரும் மண்ணுக்கு மாறிவிட்டார் என்பது மகிழ்ச்சி.

குறைக்காதீர்கள், டீச்சர். பேராக்கில் லெங்கோங் பக்கம் பாறைகளில் கரியால் வரைந்த ஓவியங்கள் உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லனோ பழங்குடி மக்கள் வரைந்தவை, அவற்றில் அந்தக் காலத்து வண்டிகளும் இருக்கின்றன. கண்ட புதுமையைப் பாறையில் போட்டார்கள். சரவாக்கில் சீரே குகைக் கரி ஓவியங்கள் 1670க்கும் 1830க்கும் இடைப்பட்டவை என்று கரிமக் காலக்கணிப்பில் தெரிந்தது. பாறை ஓவியம் என்றாலே கற்காலம் என்ற கணக்கு நம் நாட்டில் செல்லாது. அந்தப் பையன் லனோ மரபில் நிற்கிறான் என்று குறிப்பெழுதி முழு மதிப்பெண் போடுங்கள். தாத்தா தலைக்கவசம் போட்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. லாஸ்கோ மக்கள் தின்று போட்ட எலும்புகளில் பெரும்பாலும் கலைமான், சுவரிலோ ஒரே ஒரு கலைமான். தின்றதை வரையவில்லை. எங்கள் சுவரிலும் கோழி இல்லை. கேட்டால், "அது சாப்பாடு ஐயா, விலங்கு இல்ல" என்றார்கள்.

24 ஆகஸ்ட்

கண்காட்சிக்கு லேமினேட் செய்யச் சொல்கிறார்களாம். முடியாது. புடைப்பு நசுங்கும், மண் தூள் இயந்திரத்துக்குள் போகும், அப்புறம் பழுதுபார்க்கும் செலவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு. கரி உதிராமல் இருக்க மலிவான ஹேர்ஸ்ப்ரே, தள்ளி நின்று, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, சன்னலைத் திறந்து வைத்து. கஞ்சி கலந்ததால் பூஞ்சணம் வரும், எறும்பும் வரும். கலக்கும்போதே இரண்டு துளி கிராம்புத் தைலம் விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது. கண்காட்சி முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு, கை அச்சுகளை மட்டும் வெட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். மிச்ச மண்ணைப் புட்டியில் காய வைத்து மூடினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். புட்டியில் எந்தத் தாமான் (குடியிருப்பு) மண் என்று எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும்.